ஓஹேரிலிருந்து ஃபெர்மிலாபுக்கு வாடகைக் கார்: செலவு எங்கே ஏறுகிறது? கேள்வி-பதில்

கேள்வி: நான் இயற்பியல் ஆய்வு மாணவி. சிகாகோ பக்கத்தில் இருக்கும் துகள் இயற்பியல் ஆய்வகமான ஃபெர்மிலாபில் நான்கு நாள் கூட்டம். ஓஹேர் விமான நிலையத்தில் இறங்குகிறேன். அங்கே பஸ் வசதி கிடையாது, காரை எடுத்துவிடு என்கிறார்கள் சீனியர்கள். ஆன்லைனில் பார்த்தால் நாள் வாடகை குறைவாகத்தான் இருக்கிறது. எடுத்துவிடலாமா?

பதில்: நாள் வாடகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த நான்கு நாளில் கார் உண்மையில் எவ்வளவு நேரம் ஓடும் என்று முதலில் யோசியுங்கள். வந்த அன்று சுமார் 35 மைல், திரும்பும் அன்று அதே 35 மைல். நடுவில் காலையிலிருந்து மாலை வரை ஆய்வகத்தின் முதன்மைக் கட்டிடமான வில்சன் ஹால் வாசலில் நிற்கும். நிற்கிற நாளுக்கும் வாடகை உண்டு, காப்பீடு உண்டு.

அடுத்து, திரையில் பெரிய எழுத்தில் தெரியும் விலை நீங்கள் கட்டப்போகிற விலை அல்ல. விமான நிலையத்தில் எடுக்கும் காருக்கு மாநில வரி, நகர வரி, விமான நிலையக் கட்டணம் என்று வரிசையாகச் சேரும். கடைசிப் பக்கம் வரை போய், மொத்தத் தொகையைப் பார்த்த பிறகுதான் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட வேண்டும். வயது 25-க்குக் கீழே என்றால் பெரும்பாலான நிறுவனங்கள் ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கட்டணம் சேர்க்கும். 21-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் காரே தர மாட்டார்கள். ஆய்வு மாணவர்களுக்கு இது பெரிய அடி. உங்கள் குழுவில் 25 தாண்டிய ஒருவர் பெயரில் எடுத்து, இரண்டு மூன்று பேர் செலவைப் பகிர்ந்துகொள்வது நல்ல வழி. ஆனால் ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அவர் ஓட்டும்போது இடித்தால் காப்பீடு செல்லாது.

தனியாக, நான்கே நாள், தங்குவதும் ஆய்வக வளாகத்திலேயே என்றால் என் யோசனை: கார் வேண்டாம். முன்பதிவு செய்யும் புறநகர் டாக்சிகள் பலவும் இவ்வளவுதான் என்று நிலையான தொகை சொல்வார்கள். அதைப் பேசிவிட்டு ஏறுங்கள். விமான நிலைய வரிசையில் நிற்கும் சிகாகோ நகர டாக்சியில் அவசரப்பட்டு ஏறிவிடாதீர்கள். ஒட்டியுள்ள சில ஊர்களைத் தாண்டினால் மீட்டருக்கு மேல் பாதி சேர்த்து வாங்க விதி அனுமதிக்கிறது. ஆய்வகம் இருக்கும் படேவியா அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

ரயிலும் உண்டு. ஓஹேரிலிருந்து புளூ லைன் மெட்ரோவில் நகரத்துக்குள் வந்து கிளின்டன் நிலையத்தில் இறங்குங்கள். சில தெரு நடந்தால் ஓகில்வி நிலையம். அங்கே மெட்ரா என்கிற புறநகர் ரயிலில், யூனியன் பசிபிக் வெஸ்ட் தடத்தில் ஏறி ஜெனீவாவில் இறங்கலாம் (இல்லினாயில் உள்ள ஜெனீவா, செர்ன் ஆய்வகம் இருக்கும் சுவிட்சர்லாந்து ஜெனீவா அல்ல. துகள் இயற்பியல்காரர்கள் முன்பதிவில் கவனமாக இருக்க வேண்டிய பெயர்). அங்கிருந்து ஆய்வகத்துக்கு ஒரு சிறிய டாக்சிப் பயணம். செலவு மிகக் குறைவு. ஆனால் முக்கால் நாள் விமானத்தில் உட்கார்ந்து வந்தவருக்கு, பெரிய பெட்டியோடு, ஞாயிற்றுக்கிழமை இரவில் இதை நான் சொல்ல மாட்டேன். வார இறுதியில் ரயில்கள் குறைவு.

இரண்டு வாரத்துக்கு மேல் தங்கினால் கணக்கே வேறு. அந்த வளாகம் சுமார் 6,800 ஏக்கர். காட்டெருமைகள் மேயும் புல்வெளி வரை உள்ளே இருக்கிறது. மளிகை வாங்கக்கூட வெளியே வண்டியில்தான் போக வேண்டும். அப்போது டாக்சியில் வந்து சேர்ந்து, பிறகு அரோராவிலோ நேப்பர்வில்லிலோ இருக்கும் ஊர்க் கிளையில் கார் எடுத்துப் பாருங்கள். விமான நிலையக் கட்டணம் இருக்காது. இந்தக் கிளைகள் பலவும் ஞாயிறு மூடியிருக்கும், சனிக்கிழமை மதியத்தோடு அடைத்துவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேள்வி: போன முறை ஓஹேரிலிருந்து ஆய்வகத்துக்கு வாடகைக் காரில் போய் வந்தேன். வழியில் எங்கும் டோல் கட்ட நிறுத்தவில்லை. ஊர் திரும்பிய பிறகு கார்டில் டோலுக்கென்று பெரிய தொகை பிடித்திருந்தார்கள். இது ஏமாற்றா?

பதில்: பெரும்பாலும் ஏமாற்று அல்ல. ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு பத்தி. அது நியாயமான பத்தி என்று நான் சொல்லவில்லை. நல்ல கோபம் வர வேண்டிய விஷயம்தான்.

நடப்பது இதுதான். ஓஹேரிலிருந்து ஐ-294-ல் தெற்கே வந்து, ஐ-88-ல் மேற்கே திரும்பி, ஃபார்ன்ஸ்வொர்த் அவென்யூவில் இறங்கி வடக்கே போனால் அதுவே கிர்க் ரோடு ஆகும். பைன் தெருவில் வலது பக்கம் திரும்பினால் ஆய்வக வாசல். இதில் ஐ-294, ஐ-88 இரண்டும் டோல் சாலைகள். 2020 முதல் இல்லினாய் டோல் சாலைகளில் ரொக்கம் வாங்குவதில்லை. தலைக்கு மேலே இருக்கும் கருவி உங்கள் காரில் வைத்திருக்கும் டிரான்ஸ்பாண்டர் என்கிற டோல் கருவியைப் படிக்கும், இல்லையென்றால் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும். ஐ-பாஸ் என்கிற இல்லினாய் டோல் கணக்கு வைத்திருப்பவருக்கு ஒரு கட்டணம், பிளேட்டைப் படம் எடுத்து வசூலித்தால் அதைப் போல இரு மடங்கு. இரு மடங்கு என்றாலும் இந்தத் தூரத்துக்கு அது சில டாலர்தான்.

தொகை ஏறுவது அதற்கு மேலே. வாடகை நிறுவனம் அந்த டோலைக் கட்டிவிட்டு, 'வசதிக் கட்டணம்' என்று நாள் கணக்கில் ஒன்று சேர்க்கும். சில நிறுவனங்கள் டோல் சாலையில் போன நாளுக்கு மட்டும் வாங்கும். சில நிறுவனங்கள் ஒரு தடவை போனாலும் கார் உங்களிடம் இருந்த எல்லா நாளுக்கும் வாங்கும். கவுன்டரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "போன நாளுக்கு மட்டுமா, மொத்த நாளுக்குமா?" பதிலை வாய்வார்த்தையாக விடாமல், ஒப்பந்தத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

இதிலிருந்து தப்ப வழிகள் உண்டு. உங்கள் பெயரில் ஐ-பாஸ் கணக்கு இருந்தால், வாடகைக் காரின் நம்பரை அதில் சேர்த்து, எடுக்கும் நேரத்தையும் திருப்பும் நேரத்தையும் போட்டுவிடலாம். திருப்பியதும் நம்பரை நீக்கியாக வேண்டும். நீக்காவிட்டால் அடுத்து எடுத்தவரின் டோல் உங்கள் கணக்கில் ஏறும். வேறு மாநிலத்து ஈ-ஸீபாஸ் கருவியும் இங்கே செல்லும். நண்பரிடம் கடன் வாங்குவதானால் பழைய பெட்டி வடிவக் கருவியாக இருக்க வேண்டும். 2024 முதல் இல்லினாய் தருவது கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர். அது ஒரே வண்டிக்கு உரியது, பிய்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது. காரின் கண்ணாடியில் ஏற்கெனவே நிறுவனத்தின் சிறிய பெட்டி இருந்தால், அது மூடியிருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். திறந்திருந்தால் உங்கள் ஐ-பாஸை அது முந்திக்கொள்ளலாம்.

டோலே வேண்டாம் என்றால் மேன்ஹைம் ரோட்டில் தெற்கே வந்து, நார்த் அவென்யூ என்கிற 64-ஆம் எண் சாலையில் மேற்கே போய், கிர்க் ரோட்டில் தெற்கே திரும்புங்கள். சிக்னலுக்கு மேல் சிக்னல், நேரம் நிறைய ஆகும். ஆனால் ஒரு பைசா டோல் கிடையாது, நாள் கட்டணமும் வராது.

கேள்வி: சிகாகோவின் இன்னொரு விமான நிலையமான மிட்வேக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. அங்கே இறங்கினால் என்ன?

பதில்: தாராளமாக. தூரம் சுமார் 40 மைல், பெரிய வித்தியாசம் இல்லை. சிசரோ அவென்யூவில் வடக்கே வந்து ஐ-55-ல் தென்மேற்காகப் போய், ஐ-355-ல் வடக்கே, அப்புறம் ஐ-88-ல் மேற்கே. ஐ-55-க்கு டோல் இல்லை, பின்னால் வரும் இரண்டுக்கும் உண்டு. இந்த வழியில் ஐ-294 வராது. ஓஹேர் பக்கம் அதை அகலப்படுத்தும் வேலை 2018-ல் தொடங்கி பல ஆண்டுகளாகப் பகுதி பகுதியாக நடந்து வருகிறது. நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டம், மாலை நான்கு முதல் ஆறரை வரை ஒன்றரை மணி வரை இழுக்கும். திரும்பும் விமானம் மாலையில் என்றால் இதைக் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: காப்பீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? பயணக் காப்பீடு ஏற்கெனவே எடுத்திருக்கிறேன்.

பதில்: கூடாது. இந்தியாவில் எடுக்கும் பயணக் காப்பீடு பெரும்பாலும் உங்கள் உடம்புக்கும் பெட்டிக்கும்தான். காருக்கு இல்லை, நீங்கள் இடித்த எதிர்க் காருக்கும் இல்லை. இரண்டு தனித்தனிக் காப்பீடு வேண்டும்: எடுத்த காருக்கு எல்.டி.டபிள்யூ (காருக்கு வரும் சேதத்தை உங்களிடம் கேட்க மாட்டோம் என்கிற ஒப்பந்தம்), அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு லயபிலிட்டி. இல்லினாய் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச லயபிலிட்டி ஒருவருக்குக் காயம் என்றால் 25,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 50,000, பொருள் சேதத்துக்கு 20,000. அமெரிக்க மருத்துவமனைச் செலவுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. டோலில் மிச்சம் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து பதிவு செய்பவர்களுக்கென்று இரண்டையும் உள்ளடக்கிய விலை பல நிறுவனங்களில் கிடைக்கும். கவுன்டரில் தனியாக வாங்குவதைவிட அது மலிவாக இருப்பதே வழக்கம். பதிவை அச்செடுத்துக் கையில் வையுங்கள். ஏற்கெனவே இருப்பதையே கவுன்டரில் மறுபடி விற்கப் பார்ப்பார்கள்.

கேள்வி: ஆய்வக வாசலில் என்ன கேட்பார்கள்?

பதில்: அடையாள ஆவணம். வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் வைத்திருக்க வேண்டும், அனுமதியை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். டாக்சியில் வந்தால் ஓட்டுநரின் அடையாளமும் பார்க்கப்படும். அதனால் வண்டி உள்ளே வரலாமா, எந்த வாசலுக்கு வர வேண்டும் என்று அழைப்பு அனுப்பியவரிடம் கேட்டுவிட்டே பதிவு செய்யுங்கள்.

கேள்வி: பெட்ரோலுக்கு முன்பணம் கட்டினால் மலிவு என்கிறார்களே?

பதில்: முழு டாங்க்குக்குப் பணம் கட்டுகிறீர்கள், மிச்சத்துக்குப் பணம் திரும்பாது. போக வர 70, 80 மைல் ஓட்டுகிறவருக்கு டாங்க்கில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓஹேர் வாசலில் பெட்ரோல் விலை அதிகமாகவே இருக்கும். ஆனால் படேவியாவில் நிரப்பிவிட்டு 35 மைல் ஓட்டி வந்தாலும் சில நிறுவனங்கள் ஒத்துக்கொள்வதில்லை, பக்கத்தில் சில மைலுக்குள் நிரப்பிய ரசீது கேட்பார்கள். அந்தத் தூரம் எவ்வளவு என்று எடுக்கும்போதே கேட்டு வையுங்கள். திருப்பித் தரும்போது மீட்டரையும் பெட்ரோல் முள்ளையும் ஒரே படத்தில் செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள்.