ஹோல்டன் தேடிப்போன இரண்டு வாத்தியார்கள்: கேள்வி பதில்

பெரம்பூர்ப் பக்கம் 28 வருடம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுத்தவள் நான். சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் த ரை’ (1951) நாவலில், நான்கு பாடத்தில் ஃபெயிலாகிப் பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட 16 வயது ஹோல்டன் இரண்டு ஆசிரியர்களைப் பார்க்கப் போகிறான்: அந்தப் பள்ளியின் வரலாற்று வாத்தியார் ஸ்பென்சர், முன்பு படித்த பள்ளியில் இங்கிலீஷ் எடுத்த ஆன்டோலினி. அதைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: மிஸ், ஸ்பென்சர் நல்ல மனுஷன்தானே, ஹோல்டன் ஏன் எழுந்து ஓடப் பார்க்கிறான்?

நல்ல மனுஷன்தான். உடம்பு முடியாத நிலையிலும், போவதற்குள் வந்து பார் என்று சீட்டு எழுதி வரச்சொன்னவர். ஆனால் வந்தவனை உட்காரவைத்து, எகிப்தியர்களைப் பற்றி அவன் எழுதிய மட்டமான விடைத்தாளை அவன் முன்னாலேயே உரக்கப் படிக்கிறார். என்னை ஃபெயிலாக்கினாலும் பரவாயில்லை என்று, அவர் மனசு கஷ்டப்படக் கூடாதே என அடியில் அவன் எழுதிவைத்த குறிப்பையும் விடவில்லை. இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். ஹாஃப் இயர்லி முடிந்து ஸ்டாஃப் ரூமுக்கு ஏதோ சொல்ல வந்த பையனிடம் பேப்பரை எடுத்து, கட்டுரைப் பிழைகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனான். என்ன சொல்ல வந்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கேள்வி: கதைச் சுருக்கம் கிடைக்குமா? நாளை அசைன்மென்ட்.

கிடைக்காது. அத்தியாயம் 2, 24, 25 மூன்றையும் படியுங்கள்.

கேள்வி: ஆன்டோலினி ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும் மேற்கோள் யாருடையது?

வில்ஹெல்ம் ஸ்டெக்கல் என்ற உளப்பகுப்பாய்வாளருடையது, ஆன்டோலினியே அப்படிச் சொல்கிறார். அறிவுரை நல்ல அறிவுரைதான், ஆனால் நடுராத்திரியில் கேட்கிற பையனுக்குக் கொட்டாவியை அடக்க முடியவில்லை. அவனுக்கு அப்போது வேண்டியது தூக்கம்.

கேள்வி: சுருக்கமாக நாலு வரி மட்டும், மேடம்?

மேலே சொல்லிவிட்டேன். சுருக்கத்தைப் படித்துவிட்டு ஆன்டோலினியைத் தீர்ப்பு சொல்ல வராதீர்கள்.

கேள்வி: அன்று ராத்திரி தன் வீட்டில் தூங்கிய ஹோல்டனின் தலையை ஆன்டோலினி தடவியது பாசம்தானே? நம் வீடுகளில் எல்லாப் பெரியவர்களும் செய்வதுதான்.

அதே கேள்விக்கு மறுப்பு: குடித்திருக்கிறார், இருட்டு, பையன் தூக்கத்தில். இதில் பாசம் எங்கே வந்தது?

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஜேம்ஸ் காசில் என்ற மாணவன் ஜன்னலிலிருந்து குதித்துச் செத்துக் கிடந்தபோது, தன் கோட்டில் ரத்தம் படுமே என்று பார்க்காமல் அதைப் போர்த்தித் தூக்கிப் போனவரும் இதே ஆன்டோலினிதான். அவர் மனசில் என்ன இருந்தது என்று சாலிஞ்சர் சொல்லவில்லை. மறுநாள், தப்பாக நினைத்துவிட்டேனோ என்று ஹோல்டனே குழம்புகிறான்.

முதலில் கேட்டவர்: அப்போ அவர் நல்லவர்தானே?

அதைத்தான் நாம் முடிவுசெய்ய முடியாது என்கிறேன். பையன் திடுக்கிட்டு எழுந்தான், பயந்தான், கிளம்பிவிட்டான். கிளம்ப அந்தப் பயமே போதும், அவர் எப்படிப்பட்டவர் என்று முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று எந்தக் குழந்தையிடமும் சொல்லாதீர்கள். தலையைத் தடவுவது நம் ஊரில் ஆசீர்வாதம், சரி, அது விழித்திருக்கிற பிள்ளைக்கு. எனக்கு வலிப்பது, அவன் மிச்ச ராத்திரியை கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன் பெஞ்சில் தனியாகக் கழித்தானே, அதுதான்.

கேள்வி: எட்டாவது படிக்கும் மகளுக்குத் தரலாமா?

நீங்கள் முதலில் படியுங்கள், அப்புறம் இரண்டு வருடம் கழித்துக் கொடுங்கள்.

கேள்வி: சம்மரி?

இதற்கு இனி பதில் இல்லை.

கேள்வி: மிஸ், நான் ப்ளஸ் ஒன். மார்க் போச்சு, வீட்டில் பேச முடியவில்லை, தூக்கமும் வரவில்லை. எட்டாவதில் எடுத்த மிஸ்ஸைப் போய்ப் பார்க்கலாமா? என்னை ஞாபகம் இருக்குமா?

போய்ப் பாரும்மா. பகலில், பள்ளிக்கூடத்திலேயே போய்ப் பார். பேர் மறந்திருந்தால் நீயே சொல்லு, முகம் ஞாபகம் வந்துவிடும். உட்கார்ந்ததும், அறிவுரை வேண்டாம் மிஸ், கொஞ்ச நேரம் கேளுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் நாங்கள் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவோம். அதுவரை ராத்திரி தாங்க முடியவில்லை என்றால் 14416க்கு போன் போடு, அது அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பார்த்துவிட்டு வந்து இங்கே எழுது, நான் காத்திருக்கிறேன்.