குளிர்ந்த கடலில் ஸ்கூபா: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?

கேள்வி: நான் ஆக்லாந்தில் வசிக்கிறேன். புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றிருக்கிறேன். செப்டம்பரில் புவர் நைட்ஸ் தீவுகளுக்குப் படகில் சென்று, ஒரே நாளில் இரண்டு முறை மூழ்க விரும்புகிறேன். என்னிடமுள்ள 3 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட வெட்சூட் (குளிர் தாங்க அணியும் ரப்பர் உடை) போதுமா? கருவிகள் அனைத்தையும் சொந்தமாக வாங்கிவிடலாமா?

பதில்: அந்த வெட்சூட் நிச்சயமாகப் போதாது. டூட்டுகாக்கா துறைமுகத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கும் இந்தத் தீவுகளை வடக்கிலிருந்து வரும் கிழக்கு ஆக்லாந்து நீரோட்டம் தொட்டுச் செல்வதால், நியூசிலாந்தின் மற்றக் கரைகளில் அரிதாகவே தென்படும் வெப்பக் கடல் மீன்கள் சில இங்கே வாழ்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்த வெதுவெதுப்பு உச்சத்தைத் தொடுவது பிப்ரவரி, மார்ச் மாதங்களில். அப்போது நீர் 21 அல்லது 22 டிகிரி வரை செல்லும். நீங்கள் செல்லவிருக்கும் செப்டம்பரிலோ ஆண்டிலேயே மிகக் குளிர்ந்த நீர், அதாவது 14 அல்லது 15 டிகிரிதான் இருக்கும். புதுச்சேரிக் கடலுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி பத்து டிகிரிக்கு மேல். 7 மில்லிமீட்டர் சூட், தலைமூடி, கையுறை, காலணி ஆகிய நான்கும் தேவை.

பலர் முதல் முறை மூழ்குவதை மட்டும் மனத்தில் வைத்து முடிவெடுக்கிறார்கள். உண்மையில் குளிர் வாட்டுவது இரண்டாவது முறையில்தான். இடையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஈர உடையோடு படகின் மேல்தளத்தில் காற்றில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஏற்கெனவே சூடு இழந்த உடலோடு மறுபடியும் இறங்குகிறோம். ஆகவே முன்பதிவு செய்யும்போதே, படகில் காற்றுத் தடுப்பு அங்கியும் சூடான பானமும் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குவதைப் பொறுத்தவரை, தொடர்ந்து செல்லும் எண்ணம் இருந்தால் சூட், தலைமூடி, காலணி, முகக்கண்ணாடி ஆகியவற்றைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு, ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி), மிதவைச் சட்டை (காற்றை நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் சட்டை), சிலிண்டர் ஆகியவற்றை வாடகைக்கு எடுங்கள் என்பதே என் பரிந்துரை. பின்னவற்றுக்குக் குறித்த இடைவெளியில் சர்வீஸ் செய்ய வேண்டும். சோதனைக் காலம் கடந்த சிலிண்டருக்குக் காற்று நிரப்பித் தரமாட்டார்கள். வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் செல்பவருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. வாடகைச் சூட்டோ பலர் உடுத்தி நைந்தது. முழங்காலிலும் தோளிலும் ரப்பர் தட்டையாகிப்போயிருந்தால், எழுதியிருக்கும் 7 மில்லிமீட்டர் அங்கே இருக்காது. கடையில் சூட்டை அணிந்ததும் நிமிர்ந்து நின்று, இடுப்புக்குப் பின்புறம் விரல்களால் இழுத்துப் பாருங்கள். ரப்பர் ஒரு பிடியாக மடிந்து கைக்குள் வந்தால், கடலில் அந்த இடத்தில் குளிர்ந்த நீர் புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பிறகு குந்தி உட்கார்ந்து, இரு கைகளையும் உயர்த்தி, ஆழமாக மூச்சை இழுத்துப் பாருங்கள். கழுத்து இறுக்கமாக இருக்கலாம், ஆனால் மூச்சு முட்டக் கூடாது.

தடித்த சூட்டில் இன்னொரு விஷயம் உண்டு, அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தடித்த ரப்பர் அதிகம் மிதக்கும் என்பதால், நீரில் இறங்குவதற்காகப் புதுச்சேரியில் இடுப்பில் கட்டிய ஈய எடை இங்கே போதாது. அதே சமயம், 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல இரு மடங்காவதால் ரப்பருக்குள் இருக்கும் வாயுக் குமிழிகள் சுருங்கி, மிதவையும் குறைந்து, சூடும் குறைகிறது. இந்தத் தீவுகள் பழைய எரிமலையின் எச்சங்கள். பாறைச் சுவர்கள் பல இடங்களில் செங்குத்தாக இறங்குவதால், காலுக்குக் கீழே தரை இருக்கும் என்று எண்ணி அளவுக்கு மீறிய எடையோடு இறங்கக் கூடாது. 12 லிட்டர் சிலிண்டரில் காற்றின் அழுத்தம் 200 பாரிலிருந்து (பார் என்பது அழுத்த அலகு) 50 பாராகக் குறையும்போது சுமார் 2 கிலோ எடை குறைந்துவிடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, இறங்குமுன் வழிகாட்டியோடு மேற்பரப்பில் எடையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு நேரமில்லை என்று சொல்லும் படகில் ஏறாதீர்கள்.

கேள்வி: வானிலை சரியில்லை என்று படகுப் பயணத்தை அவர்களே ரத்து செய்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: காற்றையும் அலையையும் பார்த்துப் படகோட்டி பயணத்தை நிறுத்துவது சேவைக் குறைபாடு ஆகாது, அந்த முடிவை மதிக்க வேண்டும். பணம் குறித்து முன்பதிவு நிபந்தனையில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. பணத்தைத் திருப்புவார்களா, மாற்றுத் தேதி மட்டும்தானா, அந்தத் தேதிக்குக் காலக்கெடு உண்டா என்பதைப் பணம் கட்டுமுன் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். நிபந்தனையில் எதுவுமே சொல்லப்படாத நிலையில், ஒப்பந்தத்தை நிறைவேற்ற இயலாமல் போனால், நிறுவனம் ஏற்கெனவே செய்த நியாயமான செலவு போக மீதியைக் கேட்க நியூசிலாந்தின் 2017ஆம் ஆண்டு ஒப்பந்த மற்றும் வணிகச் சட்டம் இடமளிக்கிறது.

பயணம் நடந்து, ரெகுலேட்டரில் காற்று கசிந்ததாலோ வழிகாட்டுதல் கவனக்குறைவாக இருந்ததாலோ உங்கள் நாள் கெட்டிருந்தால் அது வேறு கதை. நியாயமான கவனத்தோடும் திறமையோடும் சேவை அளிக்க வேண்டும் என்பது 1993ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் தரும் உரிமை; தனிப்பட்ட தேவைக்காகச் செல்பவரிடம் கையெழுத்து வாங்கி அதை ஒதுக்கிவிட முடியாது. பேசித் தீராவிட்டால், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடக்கூடிய தகராறு தீர்ப்பாயத்தை நாடலாம்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் தாம் பயன்படுத்திய டைவ் கம்ப்யூட்டரை (மூழ்கும் ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் கருவி) பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: விற்பவர் வியாபாரியா, தனிநபரா என்று முதலில் உறுதி செய்யுங்கள். தனிநபர் விற்பனைக்கு நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் பொருந்தாது. ஆனால் பொருளைப் பற்றி அவர் சொன்னது தவறு என்று நிரூபித்தால், அவர் தெரியாமல் சொல்லியிருந்தாலும், ஒப்பந்த மற்றும் வணிகச் சட்டத்தின்கீழ் நிவாரணம் கேட்கலாம். எனவே ‘நன்றாக வேலை செய்கிறது’ என்பதை எழுத்தில் வாங்குங்கள். மின்கலம் இருக்கும் அறையைத் திறந்து காட்டச் சொல்லி, பச்சை நிறத் துருவோ உப்புப் படிவோ இருந்தால் விட்டுவிடுங்கள். வாங்கியபின், உடன் இறங்குபவரின் கம்ப்யூட்டரோடு ஆழத்தை ஒப்பிட்டுப் பார்க்கும்வரை அதை மட்டும் நம்பி மூழ்க வேண்டாம்.