வேர் சிகிச்சைக்கு நிபுணர் தேவையா?

கேள்வி: எங்கள் தெருவிலுள்ள பல் மருத்துவர் பி.டி.எஸ். படித்தவர். என் மேல்கடைவாய்ப் பல்லுக்குத் தாமே வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்வதாகச் சொல்கிறார். எம்.டி.எஸ். படித்தவரிடம்தான் போக வேண்டுமா? (வாசகி ஒருவர், திருச்சி)

பதில்: பி.டி.எஸ். முடித்து, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவர் வேர் சிகிச்சை செய்வதற்குச் சட்டத் தடை இல்லை. அது அவருடைய பாடத்திலேயே உள்ளது. மேற்கொண்டு 3 ஆண்டு எம்.டி.எஸ். படிக்காமலேயே பெயர்ப்பலகையில் ‘நிபுணர்’ என்று எழுதிக்கொள்வதுதான் தவறு.

ஆனால் உங்கள் பல் சற்றுச் சிக்கலானது. மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக 3 வேர்கள்தாம் என்றாலும், வேருக்கு ஒன்றாக நரம்பு ஓடும் குழாய் இருப்பதோடு, கன்னப்பக்க முன்வேருக்குள் 4ஆவது குழாய் ஒன்று மயிரிழைபோல் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் விட்டால், மேலே ‘கேப்’ போட்ட பிறகும் வலி திரும்பக்கூடும். நுண்ணோக்கி வைத்துத் தேடும் வேர் சிகிச்சை நிபுணரிடம் அது அகப்படும் வாய்ப்பு அதிகம். (மேல் முன்பல்லுக்கோ ஏறக்குறைய எப்போதும் ஒரே வேர், ஒரே குழாய்; அதற்கு நிபுணரைத் தேடி அலைவது வீண் செலவு என்பேன்.) உங்கள் மருத்துவரிடமே எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லி, வேர் வளைந்திருக்கிறதா, 4ஆவது குழாயை எப்படித் தேடுவார் என்று கேளுங்கள், பதிலில் தயக்கம் தெரிந்தால், நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் தரும்படி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.