செடியைப் படம் எடுக்க எந்த ஸ்கேல் வாங்கலாம்?

கேள்வி: அடையாளம் கேட்டுச் செடிகளின் படங்களை அனுப்பினால், "அளவு தெரியவில்லை, ஸ்கேல் வைத்து எடுங்கள்" என்கிறார்கள். தடயவியல் ஸ்கேல், வண்ணப் பட்டை சேர்த்த ஸ்கேல் என்று பலவிதமாக விற்கிறார்கள். எதை வாங்குவது? பக்கத்தில் ஒரு நாணயம் வைத்தால் போதாதா?

பதில்: நாணயம் வேண்டாம். பார்ப்பவருக்கு அது எந்த நாட்டு நாணயம், எந்த ஆண்டு வந்தது என்று தெரிந்தால்தான் உதவும். தவிர, அதில் மில்லிமீட்டர் கோடு கிடையாது.

10 அல்லது 15 செ.மீ. நீளத்தில், பளபளப்பில்லாத வெள்ளை அல்லது சாம்பல் நிற ஸ்கேல், அதில் தெளிவான கருப்பு மில்லிமீட்டர் கோடுகள். இது போதும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஸ்கேலை இலைமேல் வைத்தால் கோடுகள் நரம்புகளோடு கலந்து மறைந்துவிடும். மெருகேற்றிய ஸ்டீல் ஸ்கேல் வெயிலில் கண்ணாடி மாதிரி அடிக்கும். எண்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைத் திட்டுதான் விழும். துணி டேப் சுருளும், நாளடைவில் இழுபடவும் செய்யும். வாங்கும்போது இரண்டு ஸ்கேல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்துக் கோடுகள் கடைசிவரை பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் அங்குலம் இருந்தால் அதன்மேல் ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள். படத்தை வெட்டும்போது எது எந்தப் பக்கம் என்ற குழப்பம் வராது.

தடயவியலுக்கான 'எல்' வடிவ ஸ்கேலில் சிறு வட்டங்கள் இருக்கும். கேமரா சாய்ந்திருந்தால் அவை படத்தில் நீள்வட்டமாகத் தெரியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இலை, பூ படமெடுக்க அது இல்லாமலே சமாளிக்கலாம்.

கேள்வி: ஸ்கேலைக் கணினியிலிருந்து அச்சிட்டுக்கொண்டால் செலவு மிச்சம்தானே?

பதில்: மிச்சம்தான், அச்சு சரியாக வந்தால். பிரின்டர் பெரும்பாலும் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று தானாகவே சுருக்கிவிடும். 100 சதவீதம் என்று நீங்கள்தான் மாற்றவேண்டும். நானே ஒருமுறை சுருங்கிய ஸ்கேலை வைத்து ஒரு மழைக்காலம் முழுக்கப் படமெடுத்துத் தள்ளியிருக்கிறேன்! சரிபார்க்க எளிய வழி, வங்கி அட்டை. உலகம் முழுதும் அதன் நீளம் 85.60 மி.மீ., அகலம் 53.98 மி.மீ. அச்சிட்ட ஸ்கேலில் அதை வைத்து அளந்து பாருங்கள். மை ஈரத்தில் கரையும், எனவே மேலே கோடுகள் தெரியும்படியான, பளபளப்பில்லாத ஒட்டுநாடா ஒட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நல்ல ஸ்கேலே வைத்திருக்கிறேன். ஆனாலும் படத்தில் 12 மி.மீ. காட்டும் பூ, கையில் அளந்தால் 10 மி.மீ. தான். ஸ்கேல் மோசமா, போன் மோசமா?

பதில்: இரண்டுமே இல்லை. ஸ்கேலைத் தரையில் போட்டுவிட்டு, நிமிர்ந்து நிற்கும் பூவை மேலிருந்து எடுத்திருப்பீர்கள். போன் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்திலும் பூ 5 செ.மீ. உயரத்திலும் இருந்தால், பூவுக்கும் லென்ஸுக்கும் இடையே 25 செ.மீ. தான். கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும். கணக்குப் போட்டால் சரியாக 20 சதவீதம் கூடுதல். உங்கள் 10, 12 ஆனது இப்படித்தான்.

ஸ்கேலும் அளக்கவேண்டிய பகுதியும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும், கேமரா அந்த மட்டத்துக்கு நேராக இருக்கவேண்டும். ஸ்கேலுக்கு அடியில் ஒரு தீப்பெட்டியோ அழிரப்பரோ வைத்து உயர்த்தினாலே வேலை முடிந்தது. போனில் தொலைவுக்கான தனி லென்ஸ் இருந்தால் சற்றுத் தள்ளி நின்று அதில் எடுங்கள். தூரம் கூடக்கூட இந்தப் பிழை குறையும்.

கேள்வி: போனில் மாட்டும் கிளிப் லென்ஸ் '20 மடங்கு' என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், அந்த எண்ணை மட்டும் நம்பவேண்டாம். அதே படம் போனில் ஓர் அளவு, கணினித் திரையில் வேறு அளவு. எதற்கு எத்தனை மடங்கு? படத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் கோடு இருந்தால் அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் கவலையில்லை. லென்ஸ் வழியே ஸ்கேலையே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஓரங்களில் கோடுகள் வளைந்தாலோ மங்கினாலோ திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்த லென்ஸில் ஸ்கேலின் மட்டம் இன்னும் முக்கியம். பூ 3 செ.மீ. தூரத்தில் இருக்கும்போது ஸ்கேல் 3 மி.மீ. பின்னால் போனாலே 10 சதவீதம் பிழை. அப்புறம், இரண்டில் ஒன்று மங்கலாகவும் விழும்.

கேள்வி: வண்ண அட்டை அவசியமா? கிராஃப் தாளைப் பின்னணியாக வைக்கலாமா?

பதில்: நீலமும் ஊதாவும் கலந்த பூக்களை கேமரா அடிக்கடி நிறம் மாற்றிக் காட்டும். அதற்குச் சாதாரண சாம்பல் அட்டை ஒன்று உதவும். கண்ணால் பார்த்த நிறத்தை அப்போதே குறித்துவைப்பது அதைவிட மலிவு. கிராஃப் தாள் வேண்டாம். இலை விளிம்பின் பற்களும் சுணையும் அந்தக் கட்டங்களுக்குள் காணாமல் போகும். வெறும் சாம்பல் அல்லது கருப்புத் தாள் வைத்து, ஸ்கேலை ஓரமாக வையுங்கள். இலையின் அடிப்பக்கம், இலைக்காம்பு தண்டில் சேரும் கணு, பூவின் பக்கவாட்டுத் தோற்றம் மூன்றையும் தனித்தனியாக எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஸ்கேலோடு ஒன்று, ஸ்கேல் இல்லாமல் ஒன்று.