பின்மூடியைத் திறந்து பாருங்கள்: பழைய பாக்கெட் வாட்ச் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய அமெரிக்க பாக்கெட் வாட்ச் ஒன்றின் உட்புறப் படத்தைப் பார்த்தேன். தகடு முழுக்க அலை அலையாக, வட்டம் வட்டமாக வேலைப்பாடு. மூடிக்குள் மறைந்து கிடக்கப் போகிற இடத்தில் ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள்? (சேலம் வாசகர்)

பதில்: வாங்குகிற நேரத்தில் அது மறைந்து கிடக்கவில்லை, அதுதான் காரணம். அந்தக் காலத்து அமெரிக்காவில் பெரும்பாலும் முழு வாட்சாக வாங்கமாட்டார்கள். நகைக் கடைக்குப் போனால் மிஷினைத் தனியாகவும் கேஸைத் தனியாகவும் காட்டுவார்கள். எல்ஜின், வால்தம், இல்லினாய் போன்ற கம்பெனிகள் மிஷினைச் செய்து அனுப்பும், கேஸ் செய்கிறவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள், இரண்டையும் நம் கையிருப்புக்குத் தக்கபடி தேர்ந்தெடுத்துச் சொன்னால் கடைக்காரர் பொருத்திக் கொடுப்பார். கண்ணாடி போட்ட சின்னப் பெட்டிகளில் நாலைந்து மிஷின்கள் கவுன்டரில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும்போது எது கண்ணை இழுக்கிறதோ அது விற்கும். கம்பெனிகளுக்குள் இருந்த இந்தப் போட்டியில்தான் டமாஸ்கீனிங் என்கிற அந்த வேலைப்பாடு அப்படி வளர்ந்தது.

நிக்கல் தகட்டின் மேல் உராய்வுப் பொடி தடவிய சிறு வட்டு சுழன்றபடி தொடும், தகடு ஒரு கணக்குப்படி நகர்ந்துகொண்டே இருக்கும், அப்படி விழும் மெல்லிய கீறல்களின் வரிசைதான் நாம் பார்க்கும் அலையும் வட்டமும். ஆழமே கிடையாது. வாட்சைக் கொஞ்சம் சாய்த்தால் ஒளி ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு ஓடும், படத்தில் பார்ப்பதெல்லாம் அதில் பாதிகூட இல்லை. ஸ்பிரிங்ஃபீல்டில் செய்த இல்லினாய் கம்பெனியின் பன் ஸ்பெஷல் கிடைத்தால் ஒரு தடவை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். இதெல்லாம் கருவி வைத்துப் போட்டதுதானே என்று சிலர் குறைவாகப் பேசுகிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கருவியை ஓட்டியவருக்குக் கையும் கண்ணும் தப்பினால் தகடு வீண்.

கேள்வி: மூடியில் ரயில் என்ஜின் படம் செதுக்கிய வாட்ச் ஒன்றை "ஒரிஜினல் ரயில்வே வாட்ச்" என்று விற்கிறார்கள். நம்பலாமா? (மதுரை வாசகர்)

பதில்: படத்தை வைத்து நம்பாதீர்கள். என்ஜின் படம் போட்ட கேஸில் மலிவான மிஷின் இருப்பது ரொம்ப சாதாரணம், உண்மையில் ரயில்வேக்காரர்கள் வைத்திருந்தவை பெரும்பாலும் மொட்டையான, முன்மூடி இல்லாத வாட்சுகள்.

1891 ஏப்ரலில் ஒஹையோ மாநிலத்தில் கிப்டன் என்ற ஊரில் ஒரு மெயில் ரயிலும் ஒரு பயணிகள் ரயிலும் மோதிக்கொண்டன. ஒரு என்ஜின் டிரைவரின் வாட்ச் நாலு நிமிடம் நின்று பிறகு தானாக ஓடத் தொடங்கியதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு கிளீவ்லாந்தில் நகைக் கடை வைத்திருந்த வெப் சி. பால் என்பவரிடம் வாட்ச் சோதனைப் பொறுப்பை ரயில்வே கொடுத்தது, அவர் கொண்டுவந்த முறையைப் பிறகு பல ரயில்வேக்கள் பின்பற்றின. வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது. குறைந்தது 17 கல் (அச்சுகள் தேயாமல் சுழல உள்ளே பதிக்கும் மாணிக்கக் கற்கள்). அளவு 18 அல்லது 16, அதாவது மிஷினின் குறுக்களவு சுமாராக 45 அல்லது 43 மில்லிமீட்டர். படுக்க வைத்தாலும் கவிழ்த்தாலும் நிமிர்த்தினாலும் பக்கவாட்டில் வைத்தாலும் ஒரே சீராக ஓடும்படி ஐந்து நிலைகளில் சரிசெய்திருக்க வேண்டும். வெள்ளை டயல், தடித்த கறுப்பு எண்கள், 12-க்கு நேராகச் சாவித் திருகு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது நேரம் மாற்றும் முறை. முன்கண்ணாடியைத் திருகிக் கழற்றி, டயல் ஓரத்தில் ஒளிந்திருக்கும் சின்ன நெம்புகோலை நகத்தால் வெளியே இழுத்தால்தான் முள் நகரும். சாவி கொடுக்கும்போது திருகு தவறி வெளியே வந்து முள் நகர்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள், பின்னால் எத்தனை உயிர் இருக்கிறது என்று யோசித்துச் செய்த வேலை. ஆகவே விற்பவரிடம் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 17 அல்லது 21 ஜுவல்ஸ், அட்ஜஸ்டட், 5 பொசிஷன்ஸ் என்று மிஷினிலேயே செதுக்கியிருந்தால் மேற்கொண்டு பேசலாம். ஹாமில்டன் 992 என்று எண் இருந்தால் 21 கல் வைத்த 16 சைஸ், ரயில்வே ஆட்கள் நம்பி வைத்திருந்த ரகம், தயங்க வேண்டாம்.

கேள்வி: மஞ்சளாக இருக்கிறது, உள்மூடியில் "25 வருட உத்தரவாதம்" என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. தங்கம்தானே? (கும்பகோணம் வாசகர்)

பதில்: இல்லை. பித்தளைத் தகட்டின் இரு பக்கமும் தங்கத் தகடு வைத்து அழுத்திச் செய்தது அது. அந்த 25 வருடம் மேல் தங்கம் தேயாமல் இருக்கும் காலத்துக்கான உத்தரவாதம், முழுத் தங்கத்துக்கு அப்படி ஒன்று தேவையே இல்லை. 1924-ல் அமெரிக்க அரசு இந்த வருடக் கணக்கு போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டது, அதனால் உங்கள் கேஸ் அதற்கு முந்தையது என்று கொள்ளலாம். வருத்தப்பட ஒன்றுமில்லை. முழுத் தங்கக் கேஸ்களில் எத்தனையோ விலை ஏறும்போதெல்லாம் உருக்கப்பட்டு மிஷின் மட்டும் அநாதையாக நின்றுவிட்டது, அப்படி நின்ற மிஷின்களை வேறு கேஸில் போட்டு விற்பதும் உண்டு. கேஸின் உள்விளிம்பில் திருகாணி பதிந்த தடம் இரண்டு ஜோடி இருந்தால் முன்பு வேறொரு மிஷின் அங்கே குடியிருந்தது என்று அர்த்தம்.

கேள்வி: நல்ல கைவேலை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு தகடுகளின் ஓரத்தைப் பாருங்கள், நடுவை அப்புறம் பார்க்கலாம். சுவிட்சர்லாந்தின் உயர்ந்த ரக வாட்சுகளில் ஒவ்வொரு பாலத்தின் (சக்கரங்களைத் தாங்கிப் பிடிக்கும் தகட்டுத் துண்டு) விளிம்பும் சாய்வாகச் சீவி மெருகேற்றியிருக்கும். இரண்டு சாய்வுகள் உள்நோக்கிச் சந்திக்கும் மூலை கத்தி முனைபோலக் கூர்மையாக இருந்தால் அது கைவேலை, சுழலும் கருவியால் அந்த மூலைக்குள் போக முடியாது, வளைந்துதான் வரும். அடுத்தது எஃகுப் பாகங்கள். நன்றாகச் சமன்செய்து மெருகேற்றிய எஃகு ஒரு கோணத்தில் வெள்ளிபோல மின்னும், லேசாகச் சாய்த்தால் மை ஊற்றியதுபோல முழுக் கறுப்பாகிவிடும். திருகாணியின் நீலம் பெயின்ட் இல்லை, எஃகைச் சூடாக்கும்போது வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா என்று நிறம் மாறிக்கொண்டே போய் 300 டிகிரி செல்சியஸை ஒட்டி நீலம் வரும், அந்தக் கணத்தில் எடுத்துவிட வேண்டும். தலை முழுக்க ஒரே நீலமா என்று பாருங்கள்.

ஜெர்மனியில் கிளாஸ்ஹியூட்டே என்ற சிற்றூர் இருக்கிறது. 1845-ல் ஃபெர்டினாண்ட் அடோல்ஃப் லாங்கே அங்கே தொழிலைத் தொடங்கினார். அவர்கள் வழி வேறு. மிஷினின் முக்கால் பாகத்தை ஒரே தகடு மூடும், கற்களைத் தங்க வளையத்தில் உட்கார வைத்து நீலத் திருகாணியால் பிடித்திருப்பார்கள், பேலன்ஸ் வீலை, அதாவது இப்படியும் அப்படியும் ஆடி ஓட்டத்தைச் சீராக்கும் சக்கரத்தைத் தாங்கும் துண்டில் பூவேலை கையால் செதுக்கியிருக்கும். சுவிஸ் வேலையைவிட எனக்கு இந்த அடக்கம்தான் மனசுக்கு நெருக்கம்.

கேள்வி: டயலில் மவுண்ட் ரோடு பி. ஆர் (P. Orr) அண்ட் சன்ஸ் பெயர் இருக்கிறது. மெட்ராஸிலேயே செய்ததா? (சென்னை வாசகர்)

பதில்: டயலில் இருக்கும் பெயர் விற்ற கடையின் பெயராக இருக்கலாம். பெரிய கடைகள் வெளிநாட்டு மிஷினைத் தருவித்துத் தங்கள் பெயரைப் போட்டு விற்பது லண்டனிலிருந்து கல்கத்தா வரை வழக்கம்தான். வெள்ளிக் கேஸ் என்றால் உள்ளே முத்திரை தேடுங்கள். சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்காம், கூடவே இருக்கும் ஒற்றை எழுத்து எந்த வருடம் என்று சொல்லும். 0.800 என்ற எண்ணும் ஒரு காட்டுக்கோழியும் இருந்தால் சுவிஸ்.

கேள்வி: வாட்ச் ஓடவில்லை. சாவி அதிகமாகக் கொடுத்ததால் இறுகிவிட்டது என்கிறார்கள். நானே மெருகு போட்டுச் சரிசெய்யலாமா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: சாவி முழுதாகக் கொடுத்ததால் வாட்ச் நிற்காது. முழுச் சாவியிலும் ஓடாமல் நிற்கிறது என்றால் பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாகி அழுக்கோடு சேர்ந்து பிடித்திருக்கும். அல்லது கீழே விழுந்து பேலன்ஸ் அச்சு முறிந்திருக்கும், அந்தக் கால வாட்சுகளில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு கிடையாது. பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மெருகு மட்டும் வேண்டவே வேண்டாம், யார் சொன்னாலும் வேண்டாம். டமாஸ்கீனிங் அவ்வளவு மெல்லியது என்று மேலே சொன்னேனே, பிராஸோ துணியால் நாலு தேய்ப்பு தேய்த்தால் நூறு வருட வேலை போய்விடும், அதைத் திரும்பப் போட இன்று ஆள் கிடைப்பது மிகவும் கடினம்.

கேள்வி: முதன்முதலாக வாங்குகிறேன். எதில் தொடங்கலாம்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: 1900-க்கும் 1920-க்கும் இடையில் வந்த எல்ஜின் அல்லது வால்தம், 16 சைஸ், 15 அல்லது 17 கல். நிறைய செய்தார்கள், அதனால் உதிரிபாகம் கிடைக்கிறது, மிஷினில் உள்ள சீரியல் நம்பரை வைத்துச் செய்த வருடத்தையும் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம் (கேஸில் இருக்கும் நம்பர் வேறு, அதைப் போட்டுத் தேடிக் குழம்பாதீர்கள்). டயல் எனாமலா என்று பாருங்கள், மயிரிழை விரிசல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், ஒதுக்க வேண்டியதில்லை. லேசாக அசைத்தால் பேலன்ஸ் வீல் தடையில்லாமல் ஆட வேண்டும். அந்த வீலோடு இணைந்த மெல்லிய சுருள்கம்பியான ஹேர் ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம், டயல் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு மிஷின் படம் கேட்டால் நழுவுகிறவரிடம் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.