சாவோ என்னும் குடும்பப் பெயர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சிங்கப்பூரில் பணிபுரிகிறேன். எங்கள் அலுவலகத்தில் சாவோ என்ற குடும்பப் பெயருடைய சீனர்கள் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் அண்மையில் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டார். தம்முடைய தந்தைவழி ‘எம் 268’ என்ற வகையைச் சேர்ந்தது என்றும், சீனாவின் மூன்று அரசுகள் காலத்துப் படைத்தலைவர் சாவோ சாவோவின் வழித்தோன்றல் தாம் என்பது அதனால் உறுதியாகிவிட்டது என்றும் சொல்கிறார். மற்றவரோ, தம் முன்னோர் மத்திய ஆசியாவிலிருந்து வந்த வணிகர்கள் என்று தாத்தா சொல்லக் கேட்டதாகக் கூறுகிறார். ஒரே குடும்பப் பெயர் என்றால் ஒரே இரத்தம் என்றல்லவா நினைத்திருந்தேன்? ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தந்தைவழியை மரபணுவால் உண்மையிலேயே காட்டிவிட முடியுமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர்கள் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கக்கூடும். ஆனால் முதலாமவர் ‘உறுதியாகிவிட்டது’ என்று சொல்வதற்கு அவர் கையிலுள்ள சான்று போதாது. உங்கள் கடைசிக் கேள்விக்கு, சில வேளைகளில் முடியும் என்பதே என் பதில். அதற்குச் சாவோ சாவோவின் குடும்பத்தைப் போன்ற நல்ல எடுத்துக்காட்டு வேறு இல்லை என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். சாவோ என்பது ஒரே ஊற்றிலிருந்து கிளம்பிய பெயரன்று. மரபான வரலாறுகள் முதலில் காட்டுவது, ஷாண்டோங் மாகாணத்தின் தென்மேற்கில் இன்றைய டிங்தாவ் வட்டாரத்தில் இருந்த சாவோ என்ற சிற்றரசை. ஷாங் அரசை வீழ்த்திய ஜோவ் மன்னர் வூ, தம் தம்பி ஜென்துவோவுக்கு அந்த நிலத்தை அளித்தார். கி.மு. 487இல் சோங் அரசு அதை அழித்த பின், நாடிழந்தவர்கள் நாட்டின் பெயரையே குடும்பப் பெயராகச் சுமந்தார்கள். இதோடு தொடர்பில்லாமல், அதே மாகாணத்தின் தெற்கே ஜூ என்ற இன்னொரு சிற்றரசை ஆண்ட குடிக்கும் சாவோ என்பதே குலப்பெயராக இருந்தது. அவர்கள் தங்களைத் தொன்ம அரசர் ஜுவான்ஷுவின் வழியினர் என்று சொல்லிக்கொண்டவர்கள். ஆகவே கி.மு. காலத்திலேயே, ஒருவருக்கொருவர் பங்காளிகள் அல்லாத இரு கூட்டத்தார் இந்தப் பெயரில் இருந்திருக்கிறார்கள்.

உங்கள் இரண்டாவது நண்பரின் குடும்பக் கதையும் வெறுங்கதை என்று தள்ளிவிடத்தக்கதன்று. பட்டுப் பாதை வணிகத்தைப் பல நூற்றாண்டுகள் தம் கையில் வைத்திருந்த சோக்தியர்கள் சீன நகரங்களில் குடியேறியபோது, அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்களோ அந்த ஊருக்குச் சீனர்கள் வழங்கிய பெயரே அவர்களது குடும்பப் பெயராயிற்று. சமர்கந்திலிருந்து வந்தவர்கள் காங் ஆனார்கள். புகாராவினர் ஆன் ஆனார்கள். தாஷ்கந்தினர் ஷி ஆனார்கள். சமர்கந்தை அடுத்திருந்த ஒரு சிறு நாட்டைச் சீனர்கள் சாவோ என்றார்கள்; அங்கிருந்து வந்தவர்கள் அந்தப் பெயரையே ஏற்றார்கள். 6ஆம் நூற்றாண்டில் வட சி அரசில் வாழ்ந்த ஓவியர் சாவோ ஜோங்தா இந்த வழியினர். நீரிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்தது போல உடலோடு ஒட்டிய ஆடை மடிப்புகளுடன் அவர் புத்த உருவங்களைத் தீட்டிய முறை, சீனக் கலை வரலாற்றில் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. தாங் காலத்தில் பிப்பா என்ற நரம்புக் கருவியில் தலைமுறை தலைமுறையாகப் பேர்பெற்று விளங்கிய சாவோ குடும்பமும் இவர்களைச் சேர்ந்ததே என்று கருதப்படுகிறது. பத்தாம் நூற்றாண்டில் துன்ஹுவாங்கை ஆண்ட சாவோ குடும்பமும் சோக்தியரே என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. இந்தக் குடும்பங்கள் சில தலைமுறைகளுக்குள் சீனரோடு முற்றிலும் கலந்து, மொழியாலும் தோற்றத்தாலும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆகிவிட்டன. எஞ்சியது பெயர் மட்டுமே. அந்தப் பெயரும் ஏற்கெனவே அங்கு இருந்த ஒரு பெயரோடு ஒன்றாகிவிட்டது.

இனி சாவோ சாவோவுக்கு வருவோம். அவர் வாழ்ந்தது 155 முதல் 220 வரை. ஹான் பேரரசின் இறுதிக் காலத்தில் வட சீனாவைத் தம் பிடியில் வைத்திருந்த படைத்தலைவர்; அவர் இறந்த பின் மகன் வேய் அரசை நிறுவிப் பேரரசர் ஆனார். பிறந்த குடும்பம் இன்றைய அன்ஹுய் மாகாணத்தின் போஜோவைச் சேர்ந்தது. அவருடைய தாத்தா சாவோ தெங் ஹான் அரண்மனையில் செல்வாக்கு மிக்க அண்ணகர், அதாவது விரை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர். அண்ணகர்களின் தத்துப் பிள்ளைகள் அவர்களுடைய பட்டத்தை உரிமையாகப் பெறலாம் என்று 135இல் அரசாணை பிறந்தது. சாவோ தெங் சாவோ சோங் என்பவரைத் தத்தெடுத்தார். அந்தச் சாவோ சோங்கின் மகன்தான் சாவோ சாவோ. அப்படியானால் சாவோ சோங் யார் பெற்ற பிள்ளை? மூன்றாம் நூற்றாண்டில் மூன்று அரசுகளின் வரலாற்றை எழுதிய சென் ஷோவ், அவரது பிறப்பின் மூலத்தை யாராலும் ஆராய்ந்து அறிய இயலவில்லை என்று ஒரே வரியில் நிறுத்திக்கொண்டார். பகை நாடான வூவில் எழுதப்பட்ட ஒரு நூலோ, அவர் சியாஹோவ் குடும்பத்தில் பிறந்தவர், சாவோ சாவோவின் தளபதி சியாஹோவ் துன்னுக்குச் சிற்றப்பன் முறை என்று சொன்னது. 200ஆம் ஆண்டில் சாவோ சாவோவின் எதிரி யுவான் ஷாவோவுக்காகச் சென் லின் எழுதிய போர் அறிக்கை, சாவோ சோங்கை இரந்து பெற்று வளர்க்கப்பட்டவர் என்று இழித்தது. பிறப்பைச் சொல்லி அவமதிப்பது அக்காலத்தில் படைக்கலத்துக்கு நிகரான ஆயுதம்.

சியாஹோவ் கதையை ஐயுற்ற வரலாற்றாளர்கள் முன்வைத்த வாதம் நம் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். சாவோ சாவோ தம் மகளைச் சியாஹோவ் துன்னின் மகனுக்கு மணம் செய்து கொடுத்தார். ஒரே தந்தைவழியில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது சீன மரபில் விலக்கப்பட்டது. பங்காளி வீட்டில் யாரும் சம்பந்தம் செய்வதில்லை. இரு குடும்பங்களுக்கும் இடையே இப்படிப்பட்ட மணங்கள் ஒன்றுக்கு மேல் நடந்திருக்கின்றன. ஆனாலும் இது ஊகத்தின் அளவிலேயே நின்றது.

அரச குடும்பமே தன் மூலத்தைப் பற்றி ஒரே நிலையில் நிற்கவில்லை என்பது இன்னும் முக்கியமானது. சாவோ சாவோ தம் குடும்ப வரலாற்றை எழுதியபோது ஜென்துவோவின் வழி என்றார். வேய் அரசின் வரலாற்று நூலொன்று ஜூ நாட்டுச் சாவோ குடியைக் காட்டியது. அதே நூல், ஹான் அரசின் தொடக்கத்தில் தலைமை அமைச்சராக இருந்த சாவோ ஷன்னையும் முன்னோராகச் சேர்த்துக்கொண்டது. சாவோ சாவோவின் பேரன், பேரரசர் மிங், 237ஐ ஒட்டித் தாங்கள் தொன்ம அரசர் ஷுன்னின் வழியினர் என்று வேள்விச் சடங்குகளையே மாற்றியமைத்தார். மூன்று தலைமுறைக்குள் மூலம் இத்தனை முறை மாறியிருக்கிறது. அதிகாரத்துக்கு வந்தவர்கள் தங்களுக்கு ஏற்ற முன்னோரைத் தேடிக்கொள்கிறார்கள் என்பதை, ஐந்தாம் நூற்றாண்டில் இந்தக் கூற்றுகளையெல்லாம் ஒரே இடத்தில் தொகுத்து வைத்த உரையாசிரியர் பெய் சோங்ஜியின் குறிப்புகள் வழியாகத்தான் நாம் அறிகிறோம். அவருடைய பொறுமைக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

2009இன் இறுதியில், ஹெனான் மாகாணத்தின் அன்யாங் அருகே கண்டெடுக்கப்பட்ட கல்லறை சாவோ சாவோவுடையது என்று தொல்லியலாளர்கள் அறிவித்தார்கள். அது அவருடையதுதானா என்று பெரும் விவாதம் மூண்டது. அந்தச் சூழலில்தான் ஷாங்காயின் ஃபூதான் பல்கலைக்கழகத்தில் வரலாற்றாளர்களும் மரபணு ஆய்வாளர்களும் சேர்ந்து இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். ஆண்களிடம் மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமின் பெரும்பகுதி தந்தையிடமிருந்து மகனுக்குக் கலப்பின்றி அப்படியே போகிறது. எப்போதாவது அதன் மரபணுத் தொடரில் ஓர் எழுத்து மாறினால், அந்த மாற்றம் அவருக்குப் பின் வரும் எல்லா ஆண்களிடமும் நிலைத்துவிடுகிறது. சீனக் குடும்பப் பெயரும் தந்தையிடமிருந்து மகனுக்கே போவது. இவ்விரண்டும் ஒரே தடத்தில் ஓடுவதால், ஒன்றை வைத்து மற்றொன்றைச் சோதிக்கலாம் என்பதே அவர்களது அடிப்படை.

அவர்கள் 79 சாவோ குடும்பக் கிளைகளிலிருந்து 280 ஆண்களின் மாதிரிகளைத் திரட்டினார்கள். ஒப்பிடுவதற்காகத் தொடர்பில்லாத 446 ஆண்களையும் சேர்த்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, சாவோ சாவோவின் வழியினர் என்று குலப்பதிவேட்டில் சொல்லிக்கொள்ளும் குடும்பங்களோடு தெளிவாகத் தொடர்புற்று நின்றது எம் 268 என்ற ஒரே வகைதான். அது அவர்களிடம் காணப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 12 மடங்குக்கும் மேல். எனினும் இவ்வளவோடு நின்றிருந்தால், எல்லாரும் சேர்ந்து வேறு யாரோ ஒருவரின் வழியினராக இருக்கலாமே என்ற கேள்வி எஞ்சியிருக்கும். அடுத்த ஆண்டு வந்த சான்று அதைத் தீர்த்தது. போஜோவில் 1970களில் அகழப்பட்ட சாவோ குடும்பக் கல்லறைகளில் ஒன்று சாவோ தெங்கின் உடன்பிறந்தவரான சாவோ டிங்குடையது என்று கொள்ளப்படுகிறது. அதில் கிடைத்த பற்களிலிருந்து பழைய மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அதுவும் எம் 268 வகையே. அதற்குள் ‘எஃப் 1462’ என்ற கிளை.

இந்தப் பொருத்தத்தின் பொருளை நிதானமாக நினைத்துப் பாருங்கள். சாவோ சோங் வேற்றுக் குடும்பத்திலிருந்து தத்து வந்தவர் என்றால், அவர் வழிவந்தவர்களின் ஒய் குரோமோசோம் சாவோ டிங்குடையதோடு பொருந்தியிருக்காது. பொருந்துகிறது என்பதால், அவர் சாவோ குடும்பத்துக்குள்ளேயே, ஒரு பங்காளியின் பிள்ளையாகப் பிறந்து தத்து வந்தவர் என்று ஆகிறது. சியாஹோவ் கதை விழுகிறது. இரந்து பெற்ற பிள்ளை என்ற இழிசொல்லும் விழுகிறது. சாவோ ஷன்னின் வழி என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்களின் தந்தைவழி வேறு வகை என்பதால், அந்தப் பெருமிதமும் நிற்கவில்லை என்பது ஆய்வாளர் முடிவு. பதினெட்டு நூற்றாண்டுகளாக வசையாலும் புகழ்ச்சியாலும் மூடிக் கிடந்த ஒரு கேள்விக்கு ஒரு பல் விடை சொன்னதை, இந்தத் துறையின் மிக அழகான செயல்களில் ஒன்றாக நான் கருதுகிறேன். கேள்வி சிறியதாகவும் துல்லியமாகவும் இருந்ததே அதற்குக் காரணம்.

ஆயினும் அந்தப் பல்லுக்கு உரியவர் சாவோ டிங் என்று சொன்னது மரபணு அன்று. கல்லறையின் அமைப்பும், அதில் பதிந்த செங்கற்களின் எழுத்துகளும், ஏட்டு வரலாறும் சேர்ந்து சொன்னது. (அதே கல்லறைச் செங்கற்களில் ஒன்றில், வானம் மடியப்போகிறது என்ற பொருளில் யாரோ ஒரு தொழிலாளி கீறி வைத்த வரி இருக்கிறது, 184இல் ஹான் அரசுக்கு எதிராக எழுந்த மஞ்சள் தலைப்பாகைக் கிளர்ச்சியாளர்கள் எழுப்பவிருந்த முழக்கத்தின் முன்னொலி அது.) தொல்லியலின் அடையாளம் அசைந்தால் மரபணு முடிவும் உடன் அசையும். இவ்வகை ஆய்வுகளை வரலாற்றுக்கு மாற்றாக முன்வைப்பவர்களோடு நான் உடன்படாததற்குக் காரணம் இதுதான். ஃபூதான் குழுவில் வரலாற்றாளர்கள் இருந்ததால்தான் அந்த வேலை நிமிர்ந்து நிற்கிறது.

தந்தைவழி ஒரே ஓர் இழை என்பதையும் மறக்கக்கூடாது. சாவோ சாவோவின் மகள்கள் மூவர் ஹானின் கடைசிப் பேரரசர் ஷியானுக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டார்கள். அவர்களில் சாவோ ஜியே பேரரசி ஆனார். மகள்களின் வழிவந்தவர்கள் யாரும் இந்தச் சோதனையில் தெரியமாட்டார்கள். எழுபது, எண்பது தலைமுறைகளுக்குப் பின் இன்றைய மனிதர் ஒருவரின் முழு மரபணுவில் அந்த ஒற்றை முன்னோரிடமிருந்து வந்த பங்கு, ஒய் குரோமோசோமை நீக்கிப் பார்த்தால், ஏதும் இல்லாமலே போயிருக்கலாம்.

தத்து பற்றிப் பேசும்போது ஜெங் ஹேயை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இலங்கையின் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டை, சீனத்தோடு தமிழிலும் பாரசீகத்திலும் பொறித்துக் கொண்டுவந்த கடற்படைத் தலைவர் அவர்தான். யுன்னானில் மா என்ற முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அண்ணகர் அவர். ஜெங் என்பது பேரரசர் அளித்த பெயர். அண்ணனின் மகனைத் தத்தெடுத்தார். அந்த மகனின் வழியினர் ஜெங் என்ற பெயரில் தொடர்கிறார்கள். அவர்களுடைய தந்தைவழி மா குடும்பத்தினுடையது. பெயரோ அரசாணையால் வந்தது.

உங்கள் முதல் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். எம் 268 என்பது பல்லாயிரம் ஆண்டுகள் பழைய, மிகப் பரந்த கிளை. கொரியாவிலும் ஜப்பானிலும் அதன் உட்கிளை ஒன்று இருக்கிறது. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் முண்டா மொழிகள் பேசும் ஆண்களில் பெரும்பாலோர் அதன் இன்னொரு உட்கிளையைச் சேர்ந்தவர்கள். அவர் எஃப் 1462க்குள் வருகிறாரா, வந்தால் அதற்கும் கீழே சாவோ சாவோவின் வழியினர் என்று சொல்லும் குடும்பங்களோடு எவ்வளவு நெருக்கமாக நிற்கிறார் என்று விரிவான சோதனையில் பார்க்க வேண்டும். பார்த்த பின்னும், அது சாவோ தெங் குடும்பத்தின் பங்காளிக் கூட்டத்தைத்தான் காட்டும். சாவோ சாவோவையா, அவருடைய உறவினர் ஒருவரையா என்று பிரித்துக் காட்டாது.

இரண்டாவது நண்பரின் தந்தைவழி மேற்கு அல்லது மத்திய ஆசியாவில் மிகுதியாகக் காணப்படும் ஒரு வகையாக அமைந்தால், தாத்தாவின் சொல்லுக்கு வலுச் சேரும். அமையாவிட்டாலும், இடையில் ஒரே ஒரு தத்தோ, பெண் வீட்டோடு தங்கிய மாப்பிள்ளையோ போதும், கதை உண்மையாக இருந்தும் மரபணு மாறிப்போவதற்கு. இருவருமே குலப்பதிவேட்டைத் தேடுவது நல்லது. பண்பாட்டுப் புரட்சியின்போது வீடுகளில் இருந்தவை பெருமளவில் எரிக்கப்பட்டாலும், ஷாங்காய் நூலகத்தில் மிகப்பெரிய தொகுப்பு ஒன்று இருக்கிறது. சொந்த ஊரின் பெயரும், தலைமுறைக்கு ஓர் எழுத்தாக வரும் பெயர் வரிசையும் தெரிந்தால் தேடுவது எளிது. பேரரசர்களைச் சொல்லும் முதல் பக்கங்களைவிட, மிங், சிங் காலத்தில் இன்னார் இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குக் குடிபெயர்ந்தார், பிள்ளை இல்லாததால் இன்னாரின் இரண்டாவது மகனைத் தத்தெடுத்தார் என்று எழுதப்பட்ட பக்கங்களையே அவர்கள் அதிகம் நம்பலாம்.

அன்புடன்