குக்கர் போதுமா, கேனர் வேண்டுமா?

கேள்வி: வேகவைத்த கொண்டைக்கடலையையும் பீன்ஸையும் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துச் சேமிக்க, வீட்டிலுள்ள 5 லிட்டர் குக்கர் போதுமா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: போதாது, இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று வற்புறுத்தியே சொல்கிறேன். புளிப்பில்லாத உணவில் கொடிய நச்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் கிருமியின் வித்துகள் கொதிநீரின் 100 டிகிரி வெப்பத்தையும் தாங்கிவிடுவதால், அவற்றை அழிக்க ஏறத்தாழ 116 டிகிரி வெப்பத்தைக் குறித்த நேரம் வரை குறையாமல் நிலைநிறுத்த வேண்டும். சிறு குக்கர் விரைவில் சூடேறி விரைவில் ஆறிவிடும். சோதித்து வகுத்த நேரக்கணக்கு அதற்குப் பொருந்தாது. ஏறத்தாழ 1 லிட்டர் கொள்ளும் புட்டிகள் குறைந்தது நான்கு நிமிர்ந்து நிற்கும் கேனரையே, அதாவது புட்டியிலடைத்த உணவை அழுத்த நீராவியில் பதப்படுத்தும் பெரிய கலனையே, வாங்குங்கள். அழுத்தத்தை முள்ளால் காட்டும் அளவியை ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டியிருப்பதால், மேலே எடை வைத்து அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வகையே மேல் என்பேன். கடல்மட்டத்தை ஒட்டிய சென்னையில் அதற்கு 10 பவுண்டு அழுத்தம் போதும். புளிப்பு மிகுந்த எலுமிச்சை ஊறுகாய்க்கு இக்கருவி தேவையில்லை.